ருக்மிணி தேவி அருண்டேல்

ருக்மிணி தேவி அருண்டேல் (பெப்ரவரி 29, 1904 – பெப்ரவரி 24, 1986) தமிழகத்தைச் சேர்ந்த பரதநாட்டியக் கலைஞர், கலாசேத்திராவின் நிறுவனர், நாடாளுமன்ற உறுப்பினர், விலங்கு நல இயக்கத் தலைவர் ஆவார். இந்திய மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்ட முதல் பெண் இவரே. நடனத்துறையில் இவர் ஆற்றிய பணி பரவலாக அறியப்பட்டது. இந்தியாவின் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு இவரது தனிநபர் சட்ட முன்வரைவு காரணமாக இருந்ததும், மருந்துகளையும் வேதிப்பொருள்களையும் விலங்குகளின் மீது சோதிப்பதற்கு நாட்டில் முதன்முதலாகக் கட்டுப்பாடு வந்தது அச்சட்டத்தின் வழியாகத்தான் என்பதும் அந்த அளவுக்கு அறியப்படவில்லை. இக்கட்டுரை அப்பணியைச் சற்று விரிவாகக் கூறுகிறது.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி மதுரையில் பிறந்தார். தந்தை நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறைப் பொறியாளர், வடமொழி அறிஞர். தாயார் சேசம்மாள் இசையில் ஈடுபாடு கொண்டவர். தந்தையார் பிரம்மஞான சபையில் ஈடுபாடு கொண்டிருந்ததால், பணி ஓய்வுக்குப் பின் குடும்பம் சென்னை அடையாறில் சபையின் தலைமையிடத்துக்கு அருகே குடியேறியது. அண்ணன் நீ. ஸ்ரீராம் பின்னாளில் 1953 முதல் 1973 வரை அச்சபையின் உலகத் தலைவராக இருந்தார்.

அடையாறுச் சூழல் ருக்மிணியின் பிற்காலக் கொள்கைகளை வடிவமைத்தது எனலாம். புலால் மறுத்தல் அங்கு இயல்பான வாழ்க்கை முறையாக இருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்துவந்த உயிரறுப்பு எதிர்ப்பு இயக்கத்துடன் சபையினர் பலருக்குத் தொடர்பு இருந்தது. சபைத் தலைவர் அன்னி பெசன்ட் அம்மையார் பகுத்தறிவாளராக இருந்த இளமைக் காலத்தில் அறிவியலின் பெயரால் விலங்குச் சோதனைகளை ஆதரித்து எழுதியவர். பிரம்மஞான சபையில் சேர்ந்த பின்னர் அந்நிலையைக் கைவிட்டு அவற்றை எதிர்த்தார். ஆகவே இவ்விவாதத்தின் இரு பக்கங்களையும் அறிந்த ஒருவரின் நிழலில் ருக்மிணி வளர்ந்தார்.

திருமணம்

1920இல், தமது பதினாறாம் வயதில், ஆங்கிலேயக் கல்வியாளரும் பிரம்மஞானியுமான ஜார்ஜ் அருண்டேலை ருக்மிணி மணந்தார். அருண்டேல் அவரைவிட 26 வயது மூத்தவர். பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருவர் வெளிநாட்டவரை மணந்தது அன்றைய சென்னையில் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. திருமணத்துக்குப் பின் இருவரும் பல நாடுகளுக்குச் சென்றனர். 1934இல் அருண்டேல் சபையின் தலைவரானார். அருண்டேல் தம்பதியினரின் அழைப்பின் பேரில் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939இல் அடையாறுக்கு வந்தார். அருண்டேல் 1945இல் காலமானார்.

நடனமும் கலாசேத்திராவும்

ருசிய பாலே நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பு ருக்மிணியை நடனத்தின்பால் ஈர்த்தது. தம் சொந்த நாட்டுக் கலையைத் தேடுமாறு பாவ்லோவா தூண்டியதாகக் கூறப்படுகிறது. அப்போது சதிர் எனப்பட்ட ஆடல், தேவதாசி மரபினரிடம் மட்டுமே இருந்தது. சமூக இழிவுக்கும் ஆளாகியிருந்தது. ருக்மிணி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் அதைக் கற்று, 1935இல் பிரம்மஞான சபையின் வைர விழாவில் அரங்கேறினார். 1936 சனவரியில் கலாசேத்திரா தொடங்கப்பட்டது. 1962இல் அது திருவான்மியூருக்கு மாறியது.

இவரது சீர்திருத்தம் விமரிசனத்துக்கு உள்ளாகாமல் இல்லை. சிருங்காரப் பாடல்களை இவர் களைந்ததைத் த. பாலசரசுவதி கடுமையாக மறுத்தார். கலையைக் காத்துவந்த மரபினர் மேடையிலிருந்து விலக்கப்பட, மேல்சாதியினர் அவ்விடத்தைப் பிடித்தனர் என்ற குற்றச்சாட்டும் உண்டு. இது குறித்த விவாதம் பரதநாட்டிய வரலாற்றுக்கு உரியது. எனினும் ருக்மிணி தேவியின் இயல்பு ஒன்றை இது காட்டுகிறது. தாம் சரியெனக் கருதியதை நிறுவனமாக்கி நிலைநிறுத்தும் வரை இவர் ஓய்வதில்லை. நாடாளுமன்றத்திலும் அவ்வாறே நடந்துகொண்டார்.

மாநிலங்களவையில்

1952 ஏப்ரலில் ருக்மிணி தேவி மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1956இல் மீண்டும் நியமனம் பெற்று 1962 வரை உறுப்பினராக இருந்தார். கலைத்துறையின் சார்பில் நியமிக்கப்பட்டவர் அவையில் கலையைப் பற்றி மட்டும் பேசுவார் என்ற எதிர்பார்ப்புக்கு மாறாக, இவர் எடுத்துக்கொண்டது விலங்குகளின் துன்பம்.

அக்காலத்தில் நடைமுறையில் இருந்தது 1890ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம். அது பெரும்பாலும் பொதுவிடங்களில் வண்டி மாடுகளும் குதிரைகளும் அடிபடுவதையும், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்படுவதையும் மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. ஆய்வுக்கூடத்தின் கதவுக்கு உள்ளே அது நுழையவில்லை. பிரித்தானியாவில் 1876ஆம் ஆண்டிலிருந்தே விலங்குச் சோதனை செய்வோர் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அதே ஆட்சியாளர்கள் இந்தியாவுக்கு அத்தகைய சட்டம் எதையும் கொண்டுவரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கிண்டி கிங் நிலையத்திலும் குன்னூர் பாசுச்சர் நிலையத்திலும் தடுப்பு மருந்து ஆக்கத்தில் கன்றுகளும் ஆடுகளும் முயல்களும் பயன்பட்டன. அவை எத்தனை, எவ்வாறு நடத்தப்பட்டன என்று கேட்க வெளியார் எவருக்கும் சட்டப்படி உரிமை இல்லை.

ருக்மிணி தேவி 1953இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்ட முன்வரைவைத் தனிநபர் முன்வரைவாக அவையில் கொண்டுவந்தார். 1954இல் அதன் மீது நடந்த விவாதம் நீண்டது. தலைமை அமைச்சர் ஜவகர்லால் நேரு நோக்கத்தை ஏற்றுக்கொண்டார். அரசே முழுமையான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் என உறுதி கூறி, முன்வரைவைத் திரும்பப் பெறுமாறு கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி இணங்கினார். தனிநபர் முன்வரைவுகள் நிறைவேறுவது மிக அரிது என்பதால் இது அறிவுடைய முடிவாகவே தோன்றுகிறது. ஆனால் அதன் விலையாகச் சட்டத்தின் சொற்களை முடிவு செய்யும் உரிமை இவர் கையை விட்டுப் போயிற்று. அரசு குழு ஒன்றை அமைத்து ஆராய்ந்தது. 1960 டிசம்பரில் சட்டம் பிறந்தது.

1960ஆம் ஆண்டுச் சட்டமும் ஆய்வுக்கூடமும்

கேம்பிரிட்சில் இயற்கை அறிவியல் படித்தவரான நேருவின் அரசு, அறிவியல் ஆய்வைத் தடை செய்ய விரும்பவில்லை. சட்டத்தின் நான்காம் அத்தியாயம் அந்த இழுபறியின் பதிவாக உள்ளது. 14ஆம் பிரிவு, உடலியங்கியல் அறிவை வளர்ப்பதற்கும், உயிரைக் காப்பதற்கும், மனிதர், விலங்கு, பயிர் ஆகியவற்றின் நோய்களை எதிர்ப்பதற்கும் விலங்குகளின் மீது நடத்தப்படும் சோதனைகள் குற்றமாகா என்கிறது. பயிர் என்ற சொல் இதில் இடம்பெற்றதால் பூச்சிக்கொல்லிகளின் நஞ்சுச் சோதனையும் இதன் வரம்புக்குள் வருவதாகக் கொள்ள இடம் ஏற்பட்டது.

மறுபுறம் 15ஆம் பிரிவு சோதனைகளைக் கண்காணிக்கக் குழு ஒன்றை அமைக்க வழிசெய்தது. 17ஆம் பிரிவு அக்குழு உறுதிசெய்ய வேண்டியவற்றைக் கூறுகிறது. சோதனையைத் தவிர்க்க முடியுமானால் தவிர்க்க வேண்டும். மருத்துவப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் போன்றவை போதுமானால் விலங்குகளைப் பயன்படுத்தலாகாது. எலி, முயல் போன்ற சிறு விலங்குகளில் முடியுமானால் பெரிய விலங்குகளைத் தொடலாகாது. கைத்திறன் பெறுவதற்காக மட்டும் சோதனை செய்யலாகாது. அறுவைச் சோதனைகளில் வலி தெரியாதவாறு மயக்க மருந்து தர வேண்டும்.

இங்கு ஓர் ஒற்றுமையைக் காணலாம். இங்கிலாந்தில் வில்லியம் ரசல், ரெக்சு பர்ச்சு என்ற இரு அறிவியலாளர்கள் 1959இல் வெளியிட்ட நூலில் மாற்றீடு, குறைப்பு, செம்மை என்ற மூன்று நெறிகளை முன்வைத்தனர். விலங்குக்குப் பதில் வேறொன்றைப் பயன்படுத்துவது மாற்றீடு. குறைந்த எண்ணிக்கையில் அதே அறிவைப் பெறுவது குறைப்பு. துன்பம் குறையுமாறு முறையைத் திருத்துவது செம்மை. இன்று உலகெங்கும் வேதிப்பொருள் பாதுகாப்புச் சோதனையின் அடிப்படை இதுவே. அதற்கு அடுத்த ஆண்டில் வந்த இந்தியச் சட்டத்தில் இம்மூன்றின் சாயலும் இருப்பது வியப்புக்குரியது.

ஆயினும் நெறி வேறு, நடைமுறை வேறு. விலங்கு நல வாரியம் அறிவுரைத்து, நடுவணரசும் தேவையெனக் கருதினால் மட்டுமே கண்காணிப்புக் குழு அமையும் என்று சட்டம் கூறியது. முதற்குழு 1964இல் அமைந்தது. அதன் விதிகள் 1968இல் வெளிவந்தன. பின்னர் அது பெரும்பாலும் செயலற்றுக் கிடந்தது. பொதுவான வதைக் குற்றத்துக்கு, முதல் முறையாயின் சட்டம் விதித்த தண்டம் 50 ரூபாயைத் தாண்டாது. ருக்மிணி தேவி வாழ்ந்த காலத்தில் ஆய்வுக்கூடங்கள் பற்றிய அத்தியாயம் பெருமளவு ஏட்டளவிலேயே நின்றது என்பதே உண்மை.

விலங்கு நல வாரியம்

சட்டத்தின்படி 1962இல் இந்திய விலங்கு நல வாரியம் அமைக்கப்பட்டது. ருக்மிணி தேவி அதன் முதல் தலைவரானார். மறையும் வரை, ஏறத்தாழ 24 ஆண்டுகள், அப்பொறுப்பில் இருந்தார். நடுவணரசின் அமைப்பாக இருந்தும் அதன் தலைமையிடம் சென்னையில் இருந்ததற்கு இவரே காரணம். அனைத்துலக மரக்கறியாளர் ஒன்றியத்தின் துணைத் தலைவராகவும் 1955 முதல் இருந்தார். அவ்வொன்றியத்தின் 1957ஆம் ஆண்டு உலக மாநாடு இந்தியாவில் பம்பாய், தில்லி, பாட்னா, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் நடைபெற்றது.

குரங்கு ஏற்றுமதி

அக்காலத்தில் இந்தியாவுக்கும் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் இருந்த முதன்மைத் தொடர்பு செம்முகக் குரங்கு ஏற்றுமதி ஆகும். இளம்பிள்ளை வாதத் தடுப்பு மருந்தை ஆக்கவும் அதன் பாதுகாப்பைச் சோதிக்கவும் இக்குரங்குகளின் சிறுநீரகச் செல்கள் தேவைப்பட்டன. 1950களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குரங்குகள் வட இந்தியாவில் பிடிக்கப்பட்டு வானூர்திகளில் அனுப்பப்பட்டன. 1955 சனவரியில் இலண்டன் வானூர்தி நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சடைத்து இறந்தன. அவ்வாண்டு இந்தியா ஏற்றுமதியைச் சிறிது காலம் நிறுத்தியது. தடுப்பு மருந்துக்கும் மருத்துவ ஆய்வுக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் மீண்டும் அனுமதித்தது.

இது எளிதில் தீர்ப்புக் கூறக்கூடிய வழக்கு அன்று. அத்தடுப்பு மருந்து இலட்சக்கணக்கான குழந்தைகளை முடமாகாமல் காத்தது. ருக்மிணி தேவியும் அவரைச் சார்ந்தோரும் ஏற்றுமதியை எதிர்த்தபோது மனிதக் குழந்தைகளின் நலனுக்கு எதிரானவர்கள் என்ற ஏச்சு எழுவது இயல்பு. குரங்குகளைப் பிடிக்கும் முறை, அடைத்து அனுப்பும் முறை, வழியிலேயே இறக்கும் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு மருத்துவத் தேவையைக் காரணம் காட்ட முடியாது என்பது எதிர்ப்பாளர் தரப்பின் வலுவான வாதம்.

1970களில் அமெரிக்கப் படைத்துறையினர் கதிர்வீச்சுச் சோதனைகளில் இக்குரங்குகளைப் பயன்படுத்துவது வெளியே தெரியவந்தது. இது ஒப்பந்தத்துக்கு முரணானது. மொரார்ஜி தேசாய் அரசு 1978 ஏப்ரல் 1 முதல் ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது. தடையால் மருந்து ஆக்கம் நின்றுவிடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. பிற நாடுகளில் குரங்குகளை வளர்க்கத் தொடங்கினர். அத்துடன், ஒருமுறை பெற்ற செல்களைத் திரும்பத் திரும்ப வளர்க்கும் முறைகளும் பரவின. அவற்றுள் ஒன்றான வீரோ செல் வரிசை 1962இல் சப்பானில் ஓர் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து எடுக்கப்பட்டது. அதன் வழிவந்த செல்கள் இன்றும் உலகெங்கும் தடுப்பு மருந்து ஆக்கத்தில் பயன்படுகின்றன.

குடியரசுத் தலைவர் பதவி

1977இல் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு மொரார்ஜி தேசாய் இவரைக் கேட்டுக்கொண்டார். ருக்மிணி தேவி மறுத்துவிட்டார். நீலம் சஞ்சீவ ரெட்டி அப்பதவிக்கு வந்தார். ஏற்றிருந்தால் நாட்டின் முதல் பெண் குடியரசுத் தலைவராக இவர் இருந்திருப்பார். அச்சிறப்பு 2007இல் பிரதிபா பாட்டீலுக்குக் கிடைத்தது.

மறைவு

ருக்மிணி தேவி 1986 பெப்ரவரி 24 அன்று சென்னையில் காலமானார். பத்ம பூசண் (1956), சங்கீத நாடக அகாதமி விருது (1957), அதன் உறுப்பாண்மை (1967) ஆகியன இவர் பெற்ற சிறப்புகளுள் சில. 1993இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தால் கலாசேத்திரா தேசிய முதன்மை வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது.

மறைவுக்குப் பிந்தைய வளர்ச்சி

ருக்மிணி தேவி இட்ட விதை முளைத்தது 1990களில்தான். செயலற்றிருந்த கண்காணிப்புக் குழு மீண்டும் அமைக்கப்பட்டது. விலங்கு வளர்ப்பும் சோதனையும் பற்றிய 1998ஆம் ஆண்டு விதிகளின்படி, சோதனை செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் பதிவு செய்துகொள்ள வேண்டும். நெறிக்குழு ஒன்றை வைத்திருக்க வேண்டும். சென்னையில் இயங்கும் புளூ கிராசு அமைப்பு, தவளையையும் எலியையும் அறுக்காமல் கணினித் திரையில் கற்பதற்கான மென்பொருள்களை உருவாக்கியது. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நூல், மாதிரி, திரைப்படம் எனக் குறிப்பிட்ட பட்டியலில் கணினியும் சேர்ந்துகொண்டது. திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் 2009இல் விலங்குச் சோதனைக்கான மாற்று வழிகளுக்கெனத் தனி மையம் நிறுவப்பட்டது.

தமிழகத்தில் நடந்த மற்றொரு மாற்றம் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்து தொடர்பானது. குன்னூர் பாசுச்சர் நிலையம் பல பத்தாண்டுகள் செம்மறியாட்டின் மூளைத் திசுவிலிருந்து இம்மருந்தை ஆக்கிவந்தது. வயிற்றைச் சுற்றிப் போடப்பட்ட அந்த ஊசிகளை மூத்த தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். ஆட்டுக்கும் துன்பம், மனிதருக்கும் துன்பம். சிலருக்கு நரம்புக் கோளாறையும் அது உண்டாக்கியது. குன்னூர் நிலையம் வீரோ செல்களில் இம்மருந்தை ஆக்கும் முறையை உருவாக்கியது. மூளைத் திசு மருந்து 2004ஆம் ஆண்டின் இறுதியில் நாட்டில் கைவிடப்பட்டது. விலங்குக்கு நன்மையான மாற்றம் நோயாளிக்கும் நன்மையாக அமைந்ததற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இருப்பதாகத் தெரியவில்லை.

வேதிப்பொருள் சோதனையும் சிவகாசியும்

வேதிப்பொருள் பாதுகாப்பைப் பொறுத்தவரை, விலங்குச் சோதனைகள் காரணமின்றித் தோன்றவில்லை. 1937இல் அமெரிக்காவில் சோதிக்கப்படாத நீர்ம மருந்து ஒன்றை அருந்தி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் விளைவாக விற்பனைக்கு முன் பாதுகாப்பைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 1938இல் வந்தது. ஒரு பொருளின் எந்த அளவு, கொடுக்கப்பட்ட விலங்குகளில் பாதியைக் கொல்லும் என்று கணக்கிடும் முறை 1927இல் தோன்றியது. முயலின் கண்ணில் பொருளை இட்டுப் பார்க்கும் திரெய்சு சோதனை 1944இல் வந்தது.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசிப் பகுதியை இங்கு எண்ணிப் பார்க்கலாம். தீப்பெட்டித் தொழிலில் ஒரு காலத்தில் வெண்பாசுபரசு பயன்பட்டது. அதன் ஆவி ஐரோப்பியத் தொழிலாளர்களின் தாடை எலும்பை அரித்தது. எந்த எலியும் முயலும் அல்ல, தொழிலாளர்களே அந்த நஞ்சின் சோதனைப் பொருளாயினர். 1906இல் பெர்ன் உடன்படிக்கை அதைத் தடை செய்தது. இந்தியாவில் 1913இல் தடைச் சட்டம் வந்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பி 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியபோது, அந்த நஞ்சு ஏற்கெனவே விலக்கப்பட்டிருந்தது. தென் தமிழகம் அந்நோயிலிருந்து தப்பியது பிற நாட்டுத் தொழிலாளர் கொடுத்த விலையால் என்றே கூற வேண்டும்.

பட்டாசில் ஆர்சனிக், ஈயம், பாதரசம், அந்திமனி, இலித்தியம் ஆகியவற்றை உச்ச நீதிமன்றம் 2017இல் தடை செய்தது. 2018இல் பேரியம் உப்புகளும் தடைக்குள்ளாயின. பேரியம் நைத்திரேற்று போன்ற பொருள்களுடன் தரப்படும் பாதுகாப்புத் தரவுத் தாள்களைப் பார்த்தால், நஞ்சுத்தன்மை எலியின் எடைக்கு இவ்வளவு மில்லிகிராம் என்றே குறிக்கப்பட்டிருக்கும். மருந்துக் கலவை அறையில் நாள்தோறும் தூளைச் சுவாசிக்கும் ஒருவரின் நுரையீரலுக்குப் பல ஆண்டுகளில் என்ன நேரும் என்பதை, ஒரே வேளையில் எலிக்குப் புகட்டி அளந்த எண் கூறாது. மாற்று முறைகளை வலியுறுத்துவோரின் வாதம் இரக்கத்தை மட்டும் சார்ந்ததன்று என்பதை இது விளக்குகிறது. மனிதத் தோல் செல்களை அடுக்கி வளர்த்த திசுவில் எரிச்சலை அளக்கும் முறைக்குப் பொருளாதாரக் கூட்டுறவு வளர்ச்சி அமைப்பு 2010இல் ஏற்பு அளித்தது. பாதி விலங்குகளைக் கொல்லும் பழைய வாய்வழிச் சோதனை முறையை அவ்வமைப்பு 2002இல் தன் வழிகாட்டிகளிலிருந்து நீக்கிவிட்டது. எனினும் நெடுங்கால நஞ்சேற்றம், கருவுக்கு ஏற்படும் தீங்கு போன்றவற்றுக்கு முழுமையான மாற்று இன்னும் அமையவில்லை.

இந்தியா 2014இல் அழகுப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதைத் தடை செய்தது. அவ்வாறு சோதித்த பொருள்களின் இறக்குமதியையும் அவ்வாண்டே தடுத்தது. புதிய மருந்துகளுக்கான விதிகளில் 2023இல் செய்த திருத்தம், செல் வளர்ப்பு, சில்லில் அமைத்த உறுப்பு மாதிரி, கணினி மாதிரி ஆகியவற்றின் முடிவுகளையும் ஏற்க இடம் தந்தது. பூச்சிக்கொல்லிகளுக்கும் தொழிற்சாலை வேதிப்பொருள்களுக்கும் இதற்கு நிகரான பொதுத் தடை இல்லை. ருக்மிணி தேவி தலைமை ஏற்றிருந்த விலங்கு நல வாரியத்தின் தலைமையிடம் 2018இல் சென்னையிலிருந்து அரியானா மாநிலத்தின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது.